நாலாவது தும்மல்

முதல் புகழும் கடைசிப் புகழும் படைத்தவனுக்கே. நடுவில் என்னைப் பற்றியும் கொஞ்சம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் இருந்த உறவு அறுந்தது. அறுந்த மறுநாளே கயிறு திரிக்கப் போய்விட்டேன். தேங்காய் மட்டை ஊறுகிற உப்புக்குட்டையில் இடுப்பளவு நாற்றத்தில் நின்றவன் நான். இன்றைக்குத் தூத்துக்குடியில் இறங்கி ‘கயிற்றுக்கடை மீரான்’ என்று கேட்டுப் பாருங்கள். எந்தத் தோணிக்காரனும் கையைப் பிடித்துக் கூட்டிவந்து என் கடை வாசலில் விடுவான். நான் திரித்த வடம் அறுந்தது என்று சொன்னவன் இதுவரை பிறக்கவில்லை. மற்ற வியாபாரிகளைக் கேட்டால் நார் நல்ல நார் என்பார்கள். நான் இறைவன் பேரை ஓதுகிற திக்ரைத்தான் காரணம் சொல்வேன். ஒரு முறுக்குக்கு ஒரு ‘சுப்ஹானல்லாஹ்.’ பள்ளிவாசலில் போய் மணிக்கணக்கில் உட்கார எனக்கு நேரம் ஏது? கைதான் கூலிக்குப் போயிருந்தது. வாய் சும்மாதானே இருந்தது. அதை அல்லாஹ்வுக்குக் கொடுத்தேன்.

என் தங்கச்சி ஆமினா பக்கத்தில் உட்கார்ந்து நார் பிரித்துப் போடுவாள். நான் ‘சுப்ஹானல்லாஹ்’ என்றால் அவள் ‘அல்ஹம்துலில்லாஹ்’ என்பாள். நான் வேண்டுமென்றே வேகம் கூட்டுவேன், அவளும் விடமாட்டாள். அப்படி வளர்ந்தவளை மொரீஷியஸில் கடை வைத்திருந்த நம்மூர்க்காரர் ஒருவருக்குக் கட்டிக்கொடுத்தோம். கப்பலேறிப் போனவள் போனவள்தான். அவள் புருஷன் மவுத்தான சேதி வந்தபோதும் என்னால் போக முடியவில்லை.

யுத்தம் முடிந்து ஏழெட்டு வருஷம் இருக்கும். மொரீஷியஸிலிருந்து வந்த ஒருவர் சேதி கொண்டுவந்தார். ஆமினாவுக்குப் பக்கவாதம். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. வாய்ப்பேச்சு அடியோடு நின்றுவிட்டது.

சாயாக்கடையில் பத்துப் பேர் இருக்கும்போது நான் எழுந்து நின்று சொன்னேன்: “நான் போறேன். என் தங்கச்சியைப் பேச வைக்காம திரும்ப மாட்டேன்.”

வீட்டுக்கு வந்தால் சேதி எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தது. என் மனைவி சொன்னாள்: “நீங்க போய் உட்கார்ந்தா அந்த வீட்டிலே வேற யாருக்கும் வாய் திறக்க இடம் இருக்காதே. பாவம், அவ எப்படிப் பேசுவா?”

அவள் அப்படித்தான். கருப்பட்டி அல்வாவும் எலுமிச்சை ஊறுகாயும் கட்டிக்கொடுத்தாள். நானாக ஒரு கட்டு நார்க்கயிறும், ஒரு டப்பி மூக்குப்பொடியும் எடுத்துவைத்துக்கொண்டேன்.

போர்ட் லூயி துறைமுகத்தில் கால் வைத்ததும் முதல் வேலையாகக் கப்பல் கட்டியிருந்த வடத்தைக் குனிந்து பார்த்தேன். இந்தக் கயிற்றை நம்பியா கப்பலை விட்டிருக்கிறார்கள் என்று வருத்தமாக இருந்தது. அப்படிக் குனிந்திருந்தபோதுதான் ஒருவன் வந்து “மாமா?” என்றான். ஆமினாவின் மகன் யூசுப். நாற்பதை நெருங்கிய ஆள். கோட்டும் தொப்பியும் போட்டிருந்தான். முகத்தில் என் வாப்பாவின் மூக்கு அப்படியே இருந்தது.

“எப்படித் தெரிஞ்சுது நான்தான்னு?”

“உம்மா சொல்லும். மாமா எங்கே போனாலும் கயிறு பார்க்கும்.”

அவன் தமிழ் அவ்வளவுதான். வீட்டில் கிரியோல், வேலைக்குப் பிரெஞ்சு, தமிழ் உம்மாவோடு மட்டும். உம்மா பேச்சை நிறுத்திய பிறகு அதுவும் துருப்பிடித்துப்போயிருந்தது. ஒவ்வொரு சொல்லையும் கிணற்றிலிருந்து வாளி இறைப்பதுபோல் இழுத்து எடுத்தான்.

ரயிலில் ரோஸ் ஹில் போனோம். அவன் மனைவி ஸுபைதாவின் தாய்வீடு அங்கே. பீகார்ப் பக்கத்திலிருந்து கரும்பு வெட்ட வந்தவர்களின் பிள்ளைகள். இன்றைக்குத் துணிக்கடை வைத்திருக்கிறார்கள். என்னைப் போலவே கீழிருந்து ஏறியவர்கள் என்பதால் உடனே பிடித்துப்போயிற்று. நடுவில் பருப்பு வைத்து மெல்லிசாகச் சுட்ட ரொட்டியைத் ‘தால்பூரி’ என்று அடுக்கினார்கள். நம் போளியில் இனிப்பை எடுத்துவிட்டுக் காரத்தை வைத்தால் எப்படி இருக்கும்? அப்படி. எத்தனை தின்றேன் என்பதை எண்ணவில்லை, அவர்கள் எண்ணியிருப்பார்கள். தேநீரில் வெண்ணிலா வாசம் போடுகிறார்கள். பாயசத்தைக் குடிக்கிறோமா சாயாவைக் குடிக்கிறோமா என்ற குழப்பம் கடைசி மடக்குவரை தீரவில்லை.

சாப்பிட்டு முடித்ததும் யூசுப் என்னைத் தனியே கூட்டிப்போனான்.

“மாமா, கோபம் இல்ல, சரியா? டாக்டர் சொல்லிச்சு. உம்மா உடம்பு இருக்கு. உம்மா உள்ளே இல்ல.”

“உள்ளே இல்லைன்னா?”

அவன் தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினான். “புத்தி. போச்சு. அதனாலே தொழுகையும் இல்ல. புத்தி இல்லாதவங்க மேலே கடமை இல்ல. பாயைச் சுருட்டி வெச்சுட்டேன்.” அன்புக்காகச் செய்திருக்கிறான், உம்மாவுக்கு ஒரு பாரத்தைக் குறைத்த மாதிரி. சட்டமும் அவன் சொன்னதுதான். புத்தி பேதலித்தவருக்குத் தொழுகை கடமையில்லை. ஆனால் எனக்கு ஒரு சந்தேகம். பேச்சுப் போனால் போகட்டும். புத்தியோடு இருக்கிறவளிடமிருந்து தொழுகைப் பாயை எடுத்திருந்தால்?

மறுநாள் தெற்கே ரிவியேர் தே ஸாங்கீய்க்கு பஸ். அங்கேதான் அவர்கள் கடையும் வீடும். பெயர் வாயில் நுழையாது. ஆனால் ஊர் நல்ல ஊர். பஸ் கூரைமேல் கோழிக்கூடை, தகரப்பெட்டி, சைக்கிள், ஒரு கட்டில். பீனிக்ஸ் என்கிற ஊரைத் தாண்டுமுன் மழை பிடித்துக்கொண்டது. நம்மூரில் மழை வருஷத்துக்கு ஒரு தடவை விருந்தாளியாக வரும். இங்கே அது வீட்டுக்காரன். ஒரு வளைவில் கூரைமேலிருந்த கயிறு அறுந்து கட்டில் பாதி சரிந்து ஜன்னலுக்கு வெளியே தொங்கியது. பஸ்ஸில் ஒரே கூச்சல். டிரைவர் இறங்கித் தலையைச் சொறிந்தான்.

நான் என் கயிற்றுக் கட்டை எடுத்துக்கொண்டு, இந்த வயதில், அந்த மழையில், ஏணியில் ஏறினேன். நாலு முடிச்சு. கட்டில், சைக்கிள், கோழி எல்லாம் ஒரே உடம்பாகிவிட்டன. கீழே இறங்கும்போது கைதட்டினார்கள். இது பெருமைக்காகச் சொல்லவில்லை, நடந்தது இதுதான்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு தோட்டத் தொழிலாளி நம் தமிழ் ஆள், அங்குள்ள முருகன் கோயிலுக்குப் பால்குடம் எடுக்கிறவர். அவரும் யூசுப்பும் கிரியோலில் பேசிக்கொண்டு வந்ததை யூசுப் எனக்குத் தமிழாக்கினான். முன்பெல்லாம் கூலி கேட்டால் தடியடி, துப்பாக்கி, இப்போது வோட்டு. ஏதாவது ஒரு மொழியில் எழுதப் படிக்கத் தெரிந்தால் வோட்டு உண்டு என்று சட்டம் வந்ததாம். அந்த மனிதர் கோயில் திண்ணைப் பாட்டுப் புத்தகத்தை வைத்துத் தமிழ் எழுத்துக் கற்றுக்கொண்டு, அதிகாரி முன்னால் போய் எழுதிக்காட்டி வோட்டு வாங்கிவிட்டாராம். “துரை வாய் பொளந்துட்டான்” என்று மட்டும் தமிழில் சொல்லிச் சிரித்தார். இரண்டாம் வகுப்புக்காரனான எனக்கு அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

நனைந்த உடம்புக்கு இதமாக ஒரு சிட்டிகை பொடி எடுத்தேன். தும்மல் பஸ்ஸைக் குலுக்கியது. “அல்ஹம்துலில்லாஹ்” என்றேன். எதிரில் மீன்கூடையோடு இருந்த ஒரு கறுப்பு அம்மா, “ஆ வோ ஸுவே!” என்றாள்.

“என்னடா திட்டுறா?”

“திட்டு இல்ல மாமா. நீ நினைச்சது நடக்கட்டும்னு சொல்லுது. இங்கே தும்மினா அப்படிச் சொல்லும்.”

நான் நினைத்தது ஒன்றே ஒன்றுதான். “ஆமீன்” என்று அந்த அம்மாவைப் பார்த்துச் சொன்னேன். இறங்கும்போது அவள் “சலாம்!” என்றாள். கண்டக்டரும் “சலாம்” என்றான். இந்த ஊரில் எந்த மதத்துக்காரனானாலும் விடைபெற அந்தச் சொல்தானாம். எனக்கு வந்த சந்தோஷத்தில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக “வ அலைக்கும் சலாம்” சொல்லி, பஸ்ஸைக் கொஞ்ச நேரம் நிறுத்திவைத்துவிட்டேன்.

ஆமினா ஜன்னலோரம் பிரம்பு நாற்காலியில் இருந்தாள். தலை வெளுத்து, உடம்பு பாதியாகி. ஜன்னலுக்கு வெளியே கரும்பு, கரும்புக்கு நடுவே கருங்கல் குவியல், அதற்கப்பால் கடல்பக்கத்து வெளிச்சம். நான் போய்க் கையைப் பிடித்தேன். என் முகத்தைப் பார்த்தாள். பிறகு என்னைத் தாண்டி அலமாரியின் உச்சியைப் பார்த்தாள்.

“எப்பவும் அங்கேதான் பார்க்கும்” என்றான் யூசுப். “சும்மா.”

அன்றிலிருந்து நான் பேசினேன். எப்படிப் பேசினேன் என்று கேட்காதீர்கள். உப்புக்குட்டை, உம்மா, வாப்பா, யார் வீட்டில் கல்யாணம், யார் வீட்டில் மவுத்து, என் கடைக்கு மாடி எடுத்த கதை (அதை இரண்டு தரம்). அல்வாவை ஊட்டினேன், கண்ணை மூடிக்கொண்டு தின்றாள். அவ்வளவுதான். மனைவி சொன்னது நினைவுக்கு வந்து ஒருநாள் முழுக்கப் பேசாமலும் இருந்து பார்த்தேன். அந்த நாள் எனக்குக் காய்ச்சல் வந்த மாதிரி இருந்தது. அவளுக்கு ஒரு மாற்றமும் இல்லை.

அந்த வீட்டில் அவளைத் தங்கமாக வைத்திருந்தார்கள். அதில் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஸுபைதா பேசுவது எனக்குப் புரியாது, நான் பேசுவது அவளுக்குப் புரியாது. ஆனால் மாமியாரை அவள் துடைத்துவிடுகிற விதத்தைப் பார்த்தால் போதும். என்ன, எல்லாவற்றையும் ஆமினாவுக்காக அவர்களே செய்துவிட்டார்கள். பசிக்கிறதா என்று கேட்பதில்லை. ‘பிஸ்மில்லாஹ்’வைக்கூட ஸுபைதாவே சொல்லிக் கரண்டியை வாயில் வைப்பாள். தொட்டில் பிள்ளைக்குச் செய்கிற மாதிரி. ஆமினாவின் இடதுகைப் பெருவிரல் மட்டும் மற்ற விரல்கள்மேல் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். கேட்டால், “நரம்பு, மாமா.”

சாயங்காலமானால் அடுத்த வீட்டுப் பாக்கியம் வருவாள். தமிழ் இந்துப் பெண். ஆமினாவுக்கு நாற்பது வருஷத் தோழி. அவளுக்குத் தெரிந்த தமிழ் பாதி முருகன் பாட்டு, பாதி சமையல். மற்றவர்கள் ஆமினாவைப் பற்றிப் பேசுவார்கள். பாக்கியம் ஒருத்திதான் ஆமினாவோடு பேசுவாள், கிரியோலில், பதிலை எதிர்பார்த்து இடைவெளி விட்டு. என்னைப் பார்த்து அவள் சொன்ன முதல் வார்த்தை: “நீ காக்கா? அக்கா சொல்லும், காக்கா நல்லவன். பொடி கெட்டது.”

அண்ணனை நாங்கள் காக்கா என்போம். அவள் சொன்னது உண்மை. சின்ன வயதிலிருந்தே ஆமினாவுக்கு என் மூக்குப்பொடி ஆகாது. அந்த மரியாதைக்காக இந்த வீட்டுக்குள் நான் டப்பியைத் திறக்கவில்லை. வேண்டும்போது கரும்புக்காட்டு ஓரம் போய்ப் போட்டுக்கொண்டு வருவேன்.

ஒரு காலை மழை விடவே இல்லை. பசியாறிவிட்டு உட்கார்ந்திருந்தேன். பொடி போடுகிறவனுக்குத்தான் தெரியும் அந்த அவஸ்தை. யூசுப் கடைக்குப் போகக் குடை தேடிக்கொண்டிருந்தான். நான் சுவர்ப்பக்கம் திரும்பி ஒரு சிட்டிகையை ஏற்றினேன். அடக்கப் பார்த்தேன். அடக்கிய தும்மல் இரண்டு மடங்காக வந்தது.

“அல்ஹம்துலில்லாஹ்!”

“யர்ஹமுகல்லாஹ்.”

குரல் நாற்காலியிலிருந்து வந்தது. கொஞ்சம் கரகரப்பாக, ஆனால் எழுத்துப் பிசகாமல்.

நம் பிள்ளைகளுக்கு இது தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தும்மினவன் அல்லாஹ்வைப் புகழ வேண்டும். கேட்டவர், ‘அல்லாஹ் உனக்கு அருள் செய்யட்டும்’ என்று துஆ செய்ய வேண்டும். அது தும்மினவனுக்கு நாம் பட்டிருக்கிற பாக்கி. அவன் சத்தமாகச் சொல்லிக் காதில் விழுந்தால்தான் பாக்கி. ஸுபைதா தும்மினால் பூனை தும்மினது மாதிரி இருக்கும். வாய்க்குள்ளேயே சொல்லி முடித்துவிடுவாள். யூசுப் தும்மலைக் கைக்குட்டைக்குள் அடக்கிவிடுவான், புரியாதவளுக்கு எதற்கு என்று சலாமையும் நிறுத்தியிருந்தான், நானும் ஊர்க்கதையோடு சரி. அதனால் இத்தனை மாதமும் ஆமினாவைக் கூப்பிட ஆளில்லை.

ஸுபைதா கையிலிருந்த பீங்கான் கோப்பை தரையில் போய்த் தூளானது. அவள் அழுதுகொண்டே சிரித்தாள். நான் எழுந்து ஆடினேன் என்று ஸுபைதா பிற்பாடு எல்லோரிடமும் சொன்னாளாம். ஆடியிருக்கலாம். யூசுப் மட்டும் குடையோடு நின்ற இடத்தில் நின்றான்.

“மாமா” என்றான் மெல்ல. “டாக்டர் இதுவும் சொல்லிச்சு. சின்ன வயசிலே பழகின துஆ, பாட்டு, எண்ணுறது... தானா வரும். கிராமபோன் மாதிரி. புத்தி வேண்டாம் அதுக்கு.” அவன் கண் நிறைந்திருந்தது. “எனக்கு இன்னொரு தடவை நம்பி விழ முடியாது, மாமா.”

அவன்மேல் கோபம் வரவில்லை. அவனைத் தோற்கடிக்க வேண்டும் என்ற வெறிதான் வந்தது. “உட்காருடா” என்றேன். “பாக்கியத்தைக் கூப்பிடு. எல்லாரும் பாருங்க.”

பாக்கியம் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் ஓடிவந்தாள். நான் ஆமினாவுக்கு நேர் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, கல்யாணத்தில் தாம்பூலம் எடுக்கிற மாதிரி டப்பியைத் திறந்தேன்.

இரண்டாவது தும்மல். “அல்ஹம்துலில்லாஹ்.” “யர்ஹமுகல்லாஹ்.” பாக்கியம் கைகொட்டினாள்.

மூன்றாவது. “யர்ஹமுகல்லாஹ்.” இந்தத் தடவை என் முகத்தைப் பார்த்தே சொன்னாள்.

நாலாவது தும்மலில் என் தொப்பி கழன்று விழுந்தது. “அல்ஹம்துலில்லாஹ்!”

பதில் இல்லை.

நான் இன்னும் கொஞ்சம் உரக்க, “அல்ஹம்துலில்லாஹ்!” என்றேன். அவள் வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். யூசுப் என் தோளில் கைவைத்தான். “போதும், மாமா. சாவி தீர்ந்துடுச்சு.” அறுந்துபோகாத கயிற்றின் ஆசாமி நான். என் கைக்குள்ளேயே ஏதோ அறுந்த மாதிரி இருந்தது.

அப்போது ஆமினாவின் இடது கை எழுந்தது. மெதுவாக எழுந்து, ஒரு விரலை நீட்டி, அடுப்படியைக் காட்டியது. காட்டிவிட்டு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரிந்த பார்வை. எங்கள் உம்மா பார்க்கிற பார்வை.

நான் கத்திவிட்டேன். “மிளகு! யா அல்லாஹ், மிளகுடா!”

என்ன ஏது என்று அவர்களுக்குப் புரியவைப்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கிவிட்டது. தும்மலுக்குப் பதில் மூன்று தடவைதான். அதற்குமேல் தும்மினால் பதில் சொல்ல வேண்டியதில்லை. அவனுக்குச் சளி என்று அர்த்தம். மார்க்கத்தில் அப்படித்தான். எங்கள் உம்மா அதில் பிடிவாதம். மூன்று வரை துஆ. நாலாவதுக்கு எழுந்து அடுப்படிக்குப் போய் மிளகுக் கஷாயம். எத்தனை கஷாயம் என் தொண்டையில் ஊற்றினார்கள், ஆமினா பக்கத்தில் நின்று சிரிக்க!

“யூசுப், கிராமபோன் எண்ணுமாடா? எண்ணி, நிறுத்தி, மருந்து சொல்லுமாடா?”

அவன் உம்மாவின் காலடியில் உட்கார்ந்து, மடியில் முகத்தை வைத்துக்கொண்டான். அவள் இடது கை அவன் தலைமேல் வந்தது. பெருவிரல் பழையபடி விரல்களின் கணுக்களில் ஏறி இறங்கியது, இப்போது அவன் முடிக்குள். அது நரம்பு இல்லை. தஸ்பீஹ். விரல் கணுக்களில் எண்ணி எண்ணி, இத்தனை மாதமும் அவள் அல்லாஹ்வின் பேரை உள்ளுக்குள் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள்.

அவள் மறுபடி அலமாரி உச்சியைப் பார்த்தாள். நாங்களும் பார்த்தோம். யூசுப் எழுந்து நாற்காலிமேல் ஏறி, அங்கே சுருட்டிவைத்திருந்த தொழுகைப் பாயை எடுத்தான். தூசியைத் தன் கோட்டிலேயே துடைத்தான்.

இந்தக் குழப்பத்தில் பாக்கியம் என் டப்பியைச் சோதனை பார்த்திருக்கிறாள். ஒரு தும்மல் தும்மினாள் பாருங்கள், கூரைத் தகரம் அதிர்ந்தது. “முருகா!” என்றாள். ஆமினா சிரித்தாள். வாய் ஒரு பக்கம்தான் போயிற்று. ஆனால் அது முழுச் சிரிப்பு. ஸுபைதா எனக்கு மிளகுக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள். ஆமினா பார்த்துக்கொண்டிருக்க, கடைசிச் சொட்டுவரை குடிக்க வேண்டியதாயிற்று.

லுஹர் என்கிற மதியத் தொழுகைக்கு ஸுபைதா அவள் கைகால் முகம் கழுவி ஒளு செய்துவைத்தாள். நாற்காலியில் உட்கார்ந்தபடி, முன்னால் பாயை விரித்து, ஆமினா ஒற்றைக் கையை உயர்த்தினாள். “அல்லாஹு அக்பர்.” குரல் தடுமாறவில்லை. தண்ணீர் கேட்க வார்த்தை கிடையாது. மகன் பெயர் சொல்ல வார்த்தை கிடையாது. இது மட்டும் அப்படியே இருந்தது.

தேங்காய் நாரைப் பார்த்திருப்பீர்கள். ஒரு நார் ஒரு சாண்கூட இராது. கப்பலைக் கட்டுகிற வடத்தில் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஓடுகிற நார் ஒன்றுகூடக் கிடையாது. எல்லாம் சின்னச் சின்னத் துண்டு. ஒன்று முடியுமுன் அடுத்ததை வைத்து முறுக்குகிறோம், அவ்வளவுதான். ஆமினா வலியுல்லாஹ் என்று கொண்டாடுகிற பெரிய மகான் இல்லை, கடைக்காரர் பெண்டாட்டி. விளக்கு ஏற்றும்போது ஒரு பிஸ்மில்லாஹ், உலை கொதித்தால் ஒரு அல்ஹம்துலில்லாஹ், பிள்ளை விழுந்தால் ஒரு யா அல்லாஹ், யாராவது தும்மினால் ஒரு துஆ. எல்லாம் சாண் துண்டு. அவளுக்கு எல்லாமே அடித்துக்கொண்டு போன நாளில் அந்தக் கயிறு அவளைப் பிடித்து வைத்திருந்தது. கயிற்றைப் பற்றி எனக்குத் தெரியாதது இல்லை என்று நினைத்திருந்தேன். இது தெரியாது. நாம் அவனை நினைக்கிறோம் என்று பெருமைப்பட்டுக்கொள்கிறோம். மறுமுனையை யார் பிடித்திருக்கிறார்கள் என்று யோசிப்பதில்லை. அந்த மத்தியானம் அந்தத் தகரக் கூரையின் கீழ், ஹஜ்ஜுக்குப் போய் மக்காவில் கஅபா முன்னால் நின்றபோது இருந்ததைவிட அல்லாஹ் எனக்குக் கிட்டத்தில் இருந்தான். இதைச் சொல்ல எனக்கு யோசனையாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன்.

மிச்ச நாட்கள் பெருநாள் மாதிரி போயின. ஸுபைதா கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பாள். ஆமினா “பிஸ்மில்லாஹ்” என்ற பிறகுதான் சோறு உள்ளே போகும். யூசுப் கடைக்குப் போகுமுன் வேண்டுமென்றே வாசலில் நின்று சலாம் சொல்லுவான். பதில் வாங்கிக்கொண்டு போவான். பிறகு மறந்த சாமானை எடுக்கிற மாதிரி திரும்பி வந்து இன்னொரு சலாம். அந்த வார்த்தைகளுக்கு அப்பால் அவளுக்கு ஒரு சொல் வரவில்லை. நான் சொல்லிக்கொடுத்துப் பார்த்தேன், ‘தண்ணி’, ‘யூசுப்’, ‘காக்கா.’ வாய் அசையும், காற்றுத்தான் வரும். நான் நார்க்கயிற்றில் ஒரு துண்டைப் பிரித்து, அவள் பக்கத்தில் உட்கார்ந்து முறுக்குவேன். நான் “சுப்ஹானல்லாஹ்” என்றால் அவள் “அல்ஹம்துலில்லாஹ்.” வேகம் கூட்டினேன். அவளும் விடவில்லை.

ஒருநாள் பாக்கியம் சௌசௌ போட்டுப் பருப்பும், யூசுப் கடற்கரையிலிருந்து எட்டுக்கால் பேய்க்கணவாயும் கொண்டுவந்தார்கள். மார்க்கச் சட்டத்தில் ஸுபைதா ஹனபி வழி, கணவாயைத் தொடமாட்டாள். நாங்கள் ஷாபி வழி, பாத்திரத்தை வழித்துவிட்டோம். “பாதி வீட்டுக்கு ஹலால், பாதி வீட்டுக்கு இல்ல” என்று யூசுப் சிரித்தான். அவன் தமிழ் இப்போது கொஞ்சம் எண்ணெய் போட்ட மாதிரி ஓடியது.

கப்பல் நாள் வந்தது. ஆமினாவையும் கூட்டிக்கொண்டு வாடகைக் காரில் போர்ட் லூயி வந்தார்கள். துறைமுகத்தில் நல்ல காற்று. காரின் கதவைத் திறந்துவைத்து அவளை உட்கார்த்தியிருந்தார்கள். பாக்கியம் ஒரு ஜாடி ஆச்சார் ஊறுகாய் கொடுத்தாள். எனக்கு என்னென்னவோ சொல்ல இருந்தது. ஊரில் சாயாக்கடை முன்னால் சொன்னதும் நினைவுக்கு வந்தது. பேச வைக்காமல் திரும்ப மாட்டேன் என்றேனே. இவள் பேசினது அல்லாஹ்வோடு. என்னோடு ஒரு வார்த்தை?

வேறு வழி தெரியாமல் டப்பியை எடுத்தேன். அவள் வாயிலிருந்து கடைசியாக ஒரு துஆ வாங்கிக்கொண்டு போகலாம் என்று. தும்மினேன். “யர்ஹமுகல்லாஹ்.” இன்னொன்று. “யர்ஹமுகல்லாஹ்.” மூன்றாவது. அதற்கும் தந்தாள். கப்பல் சங்கு ஊதியது. ஆசை விடவில்லை, நாலாவது சிட்டிகைக்கு டப்பியைத் திறந்தேன்.

ஆமினாவின் இடது கை நீண்டு வந்து டப்பியைப் பிடுங்கிக்கொண்டது.

“போதும்” என்றாள்.

யூசுப் காரின் அந்தப் பக்கத்திலிருந்து ஓடிவந்தான். அவள் முகம் கொஞ்ச நேரம் போராடியது. உதடு கூடியது, பிரிந்தது, மறுபடி கூடியது.

“போதும், காக்கா.”

கப்பல் ஏறி, கரை மறைகிறவரை நான் அழுததைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். பக்கத்தில் நின்ற மாலுமி கடல் காற்று என்று நினைத்துக் கைக்குட்டை கொடுத்தான்.

ஊர் வந்து சாயாக்கடையில் இதை நான் எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று கடைக்காரரைக் கேளுங்கள். என் மனைவி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “முப்பது வருஷமா நான் சொல்லிக் கேட்காத பொடியை, வாய் வராத உங்க தங்கச்சி ஒரே வார்த்தையிலே நிறுத்திட்டாளே” என்றாள். அதுவும் சரிதான். அன்றிலிருந்து நான் பொடி தொடவில்லை. டப்பி ரிவியேர் தே ஸாங்கீயில், தொழுகைப் பாய்க்குப் பக்கத்தில் இருக்கிறதாம். பாக்கியம் எத்தனை கெஞ்சியும் அதை யாரும் திறக்க ஆமினா விடுவதில்லையாம்.